‘சத்தம் பழகிவிட்டது’ என்போர் கவனத்திற்கு

விசைத்தறியிலும் நூற்பாலையிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் பெரும்பாலும் தாமாக வருவதில்லை. மனைவியோ மகளோ மருமகளோ அழைத்து வருகிறார்கள். “கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, டிவியை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார், போனில் பேசினால் பாதிதான் விளங்குகிறது” என்று குறைகளைச் சொல்பவர்களும் அவர்களே. அருகில் அமர்ந்திருப்பவரோ, தமக்கு ஒன்றுமில்லை என்றும், மற்றவர்கள்தாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றும் கூறுவார். தறிக்கூடத்தின் சத்தத்தைப் பற்றி வினவினால் பலரும் ஒரே விடையைத் தருகின்றனர்: “சேர்ந்த புதிதில் தலையை வலித்தது, காது அடைத்தது. இப்போது பழகிவிட்டது.”

வெயில் பழகும், இரவு வேலை ஓரளவு பழகும். இரைச்சல் மட்டும் காதுக்குப் பழகுவதே இல்லை. முன்பு தாங்க முடியாததாக இருந்த சத்தம் இன்று தாங்கக்கூடியதாகத் தோன்றினால், பெரும்பாலும் அச்சத்தத்தின் ஒரு பகுதியைக் காது இழந்துவிட்டது என்பதே பொருள். இந்த இழப்பு வலியின்றி, குருதியின்றி, காய்ச்சலின்றி நேர்வது. இழந்தபின் மீட்க வழியில்லை. ஆயினும் தொழில் சார்ந்த நோய்களுள் இதைப் போல முற்றிலும் தடுக்கக்கூடியவை மிகச் சிலவே. ஆகவே நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் இதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

காதுக்குள் நிகழ்வது என்ன?

நாம் கேட்கும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு மூன்று சிறு எலும்புகளின் வழியாக உட்காதை அடைகிறது. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்பு அறியும் மின்குறிப்பாக மாற்றுபவை இவையே. பிறக்கும்போது எத்தனை உள்ளனவோ அத்தனைதான். தோலைப் போலவோ குருதியைப் போலவோ இவை புதிதாகப் பிறப்பதில்லை.

பேரொலி இச்செல்களைக் களைப்படையச் செய்கிறது. வேலை முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும், ‘கொய்ங்’ என்ற இரைச்சல் கேட்பதும் அக்களைப்பின் அடையாளங்கள். இரவு உறங்கி எழுந்ததும் அவை நீங்கிவிடுவதால் காது முழுமையாகத் தேறிவிட்டது என்று எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் என்னும் ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வை 2009 இல் வெளியிட்டனர். பேரொலிக்குப் பின் எலிகளின் கேட்கும் திறன் அளவீட்டில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் மயிரிழைச் செல்களையும் செவி நரம்பையும் இணைக்கும் முனைகளுள் கணிசமானவை நிரந்தரமாக அழிந்திருந்தன. காலையில் காது தெளிந்துவிட்டது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

நாள்தோறும் இது தொடரும்போது செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பயிரின் மீது ஒருமுறை நடந்தால் அது நிமிர்ந்துவிடும். அதே இடத்தில் ஓயாமல் நடந்தால் பயிர் செத்துத் தடமே மிஞ்சும். உட்காதிலும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கும்போது செவிப்பறை முற்றிலும் நலமாகவே தோன்றும். சொட்டு மருந்தோ காதில் விடும் எண்ணெயோ அந்த இடத்தைச் சென்று அடைவதே இல்லை.

குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை

இரைச்சல் எல்லா ஒலிகளையும் ஒரே சீராகப் பறிப்பதில்லை. முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான மெல்லிய, கூர்மையான ஒலிகளை உணரும் செல்கள் பழுதடைகின்றன. செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்தாற்போல் கோடு இறங்கி மீண்டும் ஏறும். முதுமையால் வரும் செவிக்குறைவில் கோடு பொதுவாகச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும். எனவே அந்தப் பள்ளத்தைக் கண்டதும், இவர் இரைச்சலில் வேலை செய்தவராக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுகிறார்.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணும் மிகுந்த வலிமையும் கொண்டவை. க, ச, த, ப முதலிய வல்லின ஒலிகளைப் பிரித்தறிய உதவும் கூறுகளோ உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிதாக ஒலிப்பவை. ஆகையால் குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. கடை, சடை, தடை, படை என்னும் நான்கு சொற்களும் ஒன்று போலவே கேட்கும். அமைதியான அறையில் ஒருவர் நேருக்கு நேர் பேசினால் உதட்டசைவையும் பேச்சின் போக்கையும் கொண்டு ஊகித்துவிடலாம். திருமண வீட்டிலோ பேருந்திலோ தொலைபேசியிலோ ஊகம் கைகொடுப்பதில்லை. “காது கேட்கிறது, ஆனால் புரியவில்லை” என்று நோயாளி சொல்வது சாக்குப்போக்கு அன்று. அது இந்நோயின் துல்லியமான விவரிப்பு.

குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலுமே முதலில் தெளிவிழக்கின்றன. பேரப்பிள்ளை சொல்வதற்கு வேறு விடை சொல்லி, மற்றவர்கள் சிரிக்க, நாளடைவில் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். கூட்டத்தைத் தவிர்க்கிறார், எரிச்சல் கொள்கிறார். இத்துடன் காதிரைச்சலும் சேர்ந்துகொண்டால் உறக்கம் கெடுகிறது.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

ஒலியின் அளவை டெசிபெலில் குறிக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. 3 டெசிபெல் கூடினால் காதுக்குள் செல்லும் ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை வரம்பாகப் பரிந்துரைக்கிறது. இக்கணக்கின்படி 88 டெசிபெலில் 4 மணி நேரம், 91 இல் 2 மணி நேரம், 94 இல் 1 மணி நேரம், 97 இல் 30 நிமிடம், 100 இல் 15 நிமிடம் மட்டுமே வெறுங்காதுடன் இருக்கலாம்.

குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் முதலிய ஊர்களின் தறிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் உடனே விளங்கும். ஷட்டில் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் அடிக்கப்பட்டு மோதி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அறை போன்ற ஒலி எழுகிறது. ஒரு தறியில் நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் நிகழும் இம்மோதல், பல தறிகள் ஓடும் கூடத்தில் இடைவெளியற்ற இரைச்சலாகிவிடுகிறது. தகரக் கூரையும் வெற்றுச் சுவரும் அதைத் திருப்பி எறிகின்றன. இத்தகைய கூடங்களில் 95 முதல் 100 டெசிபெல் வரை ஒலி இருப்பது வியப்பன்று. மேற்கண்ட கணக்கின்படி, வெறுங்காதுடன் வேலை செய்பவர் முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே அன்றைய வரம்பைத் தாண்டிவிடுகிறார். 12 மணி நேர ஷிப்டாக இருப்பின் வேலை நேரம் நீள்கிறது. காது ஓய்வு பெறும் நேரம் அதே அளவுக்குச் சுருங்குகிறது.

வீட்டை ஒட்டியே தறி ஓடும் குடும்பங்களில் இன்னொரு கவலையும் உண்டு. தார் சுற்றும் பெண்களும், பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளைகளும், தொட்டிலில் உறங்கும் குழந்தையும் சம்பளம் வாங்காமலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அளவுக் கருவி இல்லாதவர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு கை நீளத் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே ஒலி ஏறத்தாழ 85 டெசிபெலைத் தொட்டிருக்கக்கூடும். கத்தினாலன்றிக் கேட்காது என்றால், அதற்கும் வெகு மேலே. இச்சோதனை தறிக்கு மட்டும் உரியதன்று. நூற்பாலை, வார்ப்படப் பட்டறை, கல் உடைக்கும் கிரஷர், மர அறுவை, ஜெனரேட்டர் அறை ஆகிய எங்கும் பொருந்தும்.

நெடுங்காலமாக அறிந்த நோய்

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. தொழில் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713 இல் விரிவாக்கி வெளியிட்ட தமது நூலில், வெனிஸ் நகரின் செப்புக் கொல்லர்கள் நாள் முழுதும் சுத்தியல் ஓசையில் இருந்து செவிடாகிப் போவதை எழுதியுள்ளார். 1886 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர், நீராவிக் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களின் செவித்திறனைக் கடிகாரத்தின் டிக்-டிக் ஒலியைக் கொண்டு சோதித்தார். அவர்களுள் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பருத்தி ஆலைகளில் நெசவு செய்த பெண்கள், தறி ஓசையின் நடுவே வாயை மிகையாக அசைத்தும் சைகை காட்டியும் பேசிக்கொண்டனர். ‘மீ-மா’ என்று அதற்கு ஒரு பெயரே ஏற்பட்டது. நம் தறிக்கூடங்களிலும் கண்ணாலும் கையாலும் பேசும் பழக்கம் உண்டு. அது திறமைதான், ஆனால் சாதாரணப் பேச்சுக்கு இடமில்லாத அளவு ஓசை அங்கே உள்ளது என்பதற்கும் அதுவே சான்று.

முதலில் குறைக்க வேண்டியது சத்தத்தையே

காதை மூடுவது கடைசிப் படி. சத்தம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான் முதற்படி. தேய்ந்த பாகங்களை மாற்றுதல், தளர்ந்த திருகுகளை இறுக்குதல், முறையாக எண்ணெய் இடுதல், தறிக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பட்டைகளை வைத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஷட்டில் இல்லாத தறிகளில் மேற்கூறிய மோதல் ஒலி கிடையாது. எனினும் அவையும் அமைதியானவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது, சத்தத்துக்கும் மனிதருக்கும் இடையே தடை ஏற்படுத்துவது. தார் சுற்றும் இடத்தைத் தறிக்கூடத்திலிருந்து சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். உணவு உண்ணவும் தேநீர் அருந்தவும் கூடத்துக்கு வெளியே ஓரிடம் ஒதுக்கலாம். இடைவேளையின் 20 நிமிடம்கூடக் காதுக்கு ஓய்வாக அமையும். வீட்டுடன் தறி உள்ளவர்கள், குழந்தைகள் உறங்கும் அறையைக் கூடத்திலிருந்து இயன்ற அளவு தள்ளி அமைத்துக்கொள்வது நலம்.

இயர் பிளக் அணியும் முறை

பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வது பலரது வழக்கம். சாதாரணப் பஞ்சும் கழிவுப் பஞ்சும் மிகச் சிறிதளவே ஒலியைக் குறைக்கும்; பாதுகாப்பு இருப்பதாக ஒரு நம்பிக்கையை மட்டும் தரும். இதற்கென்றே செய்யப்பட்ட நுரை இயர் பிளக்கோ, காதை முழுவதும் மூடும் இயர் மஃபோ தேவை.

நுரை பிளக்கை அணியுமுன் கைகளைக் கழுவுங்கள். பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய திரி போல ஆக்குங்கள். வலது காதுக்கு அணியும்போது, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். காதுத் துளை நேராகும். பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும் வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். பொத்தினாலும் பொத்தாவிட்டாலும் சத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லையெனில் பிளக் சரியாக அமைந்துள்ளது.

இடையிடையே கழற்றுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. 30 டெசிபெல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், அந்த நாள் முழுவதற்குமான பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபெலாகச் சுருங்கிவிடும். சத்தமுள்ள இடத்தில் பேசுவதற்காக அதைக் கழற்றாதீர்கள். வெளியே சென்று பேசுங்கள்.

“பிளக் அணிந்தால் தறியில் ஏற்படும் கோளாறு காதுக்குத் தெரியாதே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிளக் இரைச்சலையும் எச்சரிக்கை ஒலியையும் ஒருசேரக் குறைக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியே இருக்கும். செவித்திறன் இயல்பாக உள்ளவர்கள் ஓரிரு வாரங்களில் தறியின் ஓசை மாற்றத்தை பிளக்குடனேயே இனம் காணக் கற்றுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே செவிக்குறைவு உள்ளவர்களுக்கு இது கடினமாகலாம். அவர்கள் மருத்துவரிடம் கலந்து, மிகுதியாக அடைக்காத வகையைத் தேர்ந்துகொள்வது நன்று. அபாயத்தை உணர்த்தும் விளக்குகளைக் கண்ணில் படும்படி அமைப்பதும் உதவும்.

காதில் சீழ் வடிபவர்கள் பிளக் அணியலாகாது. சீழுக்குச் சிகிச்சை பெறும் வரை அவர்களுக்கு இயர் மஃபே உகந்தது. அழுக்கேறிய நுரை பிளக்கைக் கழுவிப் பயன்படுத்துவதைவிடப் புதியதை மாற்றுவதே சிறந்தது.

பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும்?

இரைச்சலில் வேலை செய்வோர் அனைவரும் வேலைக்குச் சேரும்போது ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வலியற்ற இச்சோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலை முடிந்த கையோடு வராதீர்கள். களைத்த காது உண்மையான அளவைக் காட்டாது. குறைந்தது 14 மணி நேரம் சத்தமின்றி இருந்தபின், விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்டுக்கு முன்பாக வருவது நல்லது. பழைய அறிக்கைகளைத் தவறாமல் கொண்டு வாருங்கள். இந்த ஆண்டின் கோட்டைச் சென்ற ஆண்டின் கோட்டோடு ஒப்பிடும்போதுதான் இழப்பு தொடங்கிய இடம் தெரியவரும்.

ஜென்டாமைசின் வகை ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் மருந்தும் உட்காதைத் தாக்கக்கூடியவை. இவற்றைப் பெறுவோர், தாம் இரைச்சலில் வேலை செய்வதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். புகைபிடித்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும்கூடச் செவிக்குக் கேடு.

ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாட்களுக்குள், ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால் அதை இரைச்சலின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அது அவசர நிலை. தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கினால் மீட்கும் வாய்ப்பு உண்டு. வாரங்கள் கடந்தபின் அந்த வாய்ப்பு மங்கிவிடும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

இரைச்சலால் வரும் செவிக்குறைவு, 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பின் வந்த 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பிலும் அது உள்ளது. ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதைத் தொழில் சார்ந்த நோய்களுள் ஒன்றாக ஏற்கிறது. எனவே ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், தாம் செய்த வேலையின் தன்மையையும் ஆண்டுகளையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் எடுத்த ஆடியோகிராம் அறிக்கைகள் இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் வலுவான சான்றாக அமையும்.

தொழிலாளர் எண்ணிக்கை குறைவாக உள்ள சிறு தறிக்கூடங்கள் பல, இச்சட்டங்களின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஆய்வாளர் வருவதில்லை. ஆண்டுப் பரிசோதனையும் நடப்பதில்லை. அத்தகைய இடங்களில் வேலை செய்வோரின் செவியைக் காக்கும் பொறுப்பு கூடத்தின் உரிமையாளரிடமும் தொழிலாளியின் குடும்பத்தாரிடமுமே விடப்பட்டுள்ளது. சிறு கூடங்களின் உரிமையாளர்கள் பலர் தாமும் அதே தறிகளின் நடுவே நாள் முழுதும் நிற்பவர்கள் என்பதால், அவர்களுடைய காதுகளுக்கும் இது பொருந்தும்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

செவிக்குறைவை முதலில் காண்பவர்கள் நீங்களே. டிவியின் ஒலி ஏறிக்கொண்டே போவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாதது, கூட்டத்தில் ஒதுங்கி அமர்வது, காதில் வண்டு ரீங்கரிக்கிறது என்று சொல்வது ஆகியவற்றுள் இரண்டு தென்பட்டாலே பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். வேண்டுமென்றே கவனிக்கவில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

அவரிடம் பேசும்போது முதலில் பெயரையோ உறவுமுறையையோ சொல்லி அழைத்து, அவர் திரும்பியபின் பேசுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் படட்டும். கத்த வேண்டாம், கத்தும்போது உயிரொலியே பெருகும், சொல் மேலும் குழம்பும். இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள். ஒரு வாக்கியம் விளங்காவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். பேசும் நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள்.

ஹியரிங் எய்டு இழந்த செல்களை மீட்பதில்லை. ஆயினும் ஆடியோகிராமுக்கு ஏற்பப் பொருத்தினால் பேச்சைப் பெருமளவு எட்டச் செய்யும். பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் நாளே பெட்டியில் வைத்துவிடாமல் ஊக்கப்படுத்துங்கள். விளம்பரத்தைக் கண்டு நரம்பு டானிக்குகளுக்குப் பணம் செலவிடாதீர்கள்.

வேலையில் சேர இருக்கும் இளைஞர் வீட்டில் இருந்தால், முதல் ஷிப்டுக்கு முன்பே அவரை ஆடியோகிராமுக்கு அழைத்து வாருங்கள். ஒரு சோடி இயர் பிளக்கையும் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்து வருபவரின் காதுக்கு வீட்டில் சில மணி நேர அமைதி கிடைக்கட்டும்; அந்நேரத்தில் ஹெட்போனில் பாட்டுக் கேட்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். “சத்தம் பழகிவிட்டது” என்று அவர் சொல்லத் தொடங்கும் நாளில், அடுத்த பரிசோதனைக்கு ஓராண்டு ஆகட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே எங்களிடம் அழைத்து வாருங்கள்.